இரண்டு பேரிலிருந்து இருபத்து நான்கு பேர் வரை: ஒரு மைன்கிராஃப்ட் ஊர் பெருகிய கதை

பின்னணி

2023 டிசம்பர் கடைசியில் தொடங்கி 2024 பிப்ரவரி முடியும் வரை எங்கள் வீட்டு மைன்கிராஃப்ட் (கட்டங்களை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டு) உலகத்தில் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். ஊரில் ஆள் பெருகவில்லை என்று தவிப்பவர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்காக சர்வர் நடத்தும் பெரியவர்களுக்கு, இது உதவும் என்று நம்புகிறேன்.

என் பழைய மடிக்கணினி ஒன்றில் குடும்பத்துக்கென்று ஒரு சர்வர் ஓடுகிறது. ஜாவா பதிப்பு, அப்போது 1.20.4. கடின நிலை நார்மல். விளையாடுபவர்கள் நான்கு பேர்: அக்காவின் மகள் (12 வயது), அவள் தம்பி (9 வயது), அவர்களுடைய பெரியப்பா மகன் (கல்லூரி இரண்டாம் ஆண்டு), அப்புறம் நான். சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உலகத்தின் விதிகளை மாற்றும் அனுமதியும் எனக்கு மட்டும்தான் உண்டு. பின்னால் வரும் சிக்கலுக்கு இது முக்கியம்.

அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகள் இருவரும் சமவெளியில் ஓர் ஊரைக் கண்டுபிடித்தார்கள். ஒன்பது வீடு, நடுவில் ஒரு மணி, பக்கத்தில் கோதுமை வயல். ஊர்க்காரர்களில் (வில்லேஜர், விளையாட்டே இயக்கும் பாத்திரங்கள்) உயிரோடு இருந்தவர்களோ இரண்டே பேர். மற்றவர்களை இரவில் ஜாம்பிகள் முடித்திருக்க வேண்டும். மிஞ்சியவர்களில் ஒருவர் மூக்குக் கண்ணாடி போட்டு, தலையில் புத்தகம் கவிழ்த்த நூலகர். இன்னொருவர் பச்சை அங்கிக்காரர். விளையாட்டில் நிட்விட் என்று சொல்வார்கள். அவர் எந்தத் தொழிலுக்கும் போக மாட்டார். பிள்ளைகள் அவருக்குப் பச்சைச்சட்டைத் தாத்தா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"இந்த ஊரை மறுபடி நிரப்பணும் மாமா, இருபது பேராவது வேணும்" என்றாள் பெரியவள். இலக்கு அப்படித்தான் முடிவானது.

முதல் பத்து நாள்

முதலில் ஊரிலிருந்த கட்டில்களை எல்லாம் பெயர்த்தெடுத்து ஒரே இடத்தில் போட்டார்கள். ஒன்பது வீட்டைக் காவல் காப்பதைவிட ஒரு வீட்டைக் காப்பது எளிது என்பது அவர்கள் கணக்கு. தப்பான கணக்கு இல்லை. ஊருக்கு நடுவில் மாடியோடு பெரிய வீடு ஒன்றைக் கட்டி அதற்கு விடுதி என்று பெயர் வைத்தார்கள். கீழே இரண்டு கட்டில். மேலே எட்டு, ரயில் பெட்டியில் இருப்பதுபோல ஒன்றின் மேல் ஒன்றாக. மாடிக்கு ஏறச் சுவரோடு ஓர் ஏணி. இந்த ஏணியும் அடுக்குக் கட்டிலும் பிறகு பெரிய தலைவலியாகின. ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் உறுத்தவில்லை, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அடுத்தது சாப்பாடு. இரண்டு பெரியவர்களிடமும் போதிய உணவு இருந்தால்தான் இந்த விளையாட்டில் பிள்ளை பிறக்கும். ஆளுக்கு 3 ரொட்டி போதும். அல்லது கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் இவற்றில் ஒன்று 12. பிள்ளைகளுக்கு இது தெரிந்திருந்தது. ரொட்டி சுட்டுக் கொண்டுபோய் இருவரின் முன்னாலும் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

கல்லூரி அண்ணனிடம் கேட்டார்கள். அவன் பள்ளி நாட்களில் விளையாடியவன். "கதவு பத்தல. கதவு நிறைய வச்சாதான் வீடுன்னு கணக்கு ஆகும்" என்றான். அவன் விளையாடிய காலத்தில் அது உண்மைதான். அப்போதெல்லாம் கதவுகளின் எண்ணிக்கையில் 35 விழுக்காடு வரைக்கும்தான் ஊரில் ஆள் பெருகும். 2019 ஏப்ரலில் வந்த 1.14 பதிப்பு அந்தக் கணக்கையே எடுத்துவிட்டது. இப்போது கணக்கு கட்டிலுக்குத்தான். இது தெரியாமல் விடுதியைச் சுற்றி 22 கதவு வைத்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை.

பிறகு ஆடு ஆடாகத் தேடிப்போய் மயிர் கத்தரித்தார்கள். ஒரு கட்டிலுக்கு மூன்று கம்பளி, மூன்று பலகை. மாடியில் இன்னும் நான்கு கட்டில் ஏறின. ரொட்டியும் தினமும் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பத்தாம் நாள் தொலைபேசியில் பெரியவளின் குரலே இறங்கியிருந்தது. "எல்லாம் பண்ணிட்டோம் மாமா. ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு பேசிக்கிறாங்க, அவ்வளவுதான்."

சும்மா உட்கார்ந்து பார்த்த அந்தச் சனிக்கிழமை

அன்று நானும் உள்ளே போனேன். அவர்கள் செய்திருந்த ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான முயற்சிதான். ஆனால் ஒன்று பலிக்கவில்லை என்று தெரிவதற்குள் அதன் மேல் அடுத்ததை ஏற்றிவிட்டிருந்தார்கள். அதனால் எது குறை என்று பிரித்துப் பார்க்க முடியாமல் இருந்தது. "இன்னைக்கு யாரும் எதையும் கட்ட வேண்டாம். ஒரு முழு நாள் பார்ப்போம்" என்றேன். மைன்கிராஃப்டில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து 20 நிமிடம்தான். பெரியவள் நூலகர் பின்னால் போனாள். நான் பச்சைச்சட்டைத் தாத்தாவின் பின்னால். சின்னவன் தானாகவே ஆட்டுப்பட்டியில் போய் நின்றுகொண்டான்.

தாத்தாவின் காலடியில் மூன்று ரொட்டியைப் போட்டுவிட்டு நான்கு கட்டம் பின்னால் தள்ளி நின்றேன். தரையில் போட்ட பொருள் இந்த விளையாட்டில் சும்மா கிடக்காது. லேசாக மேலும் கீழும் ஆடி, மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். ரொட்டி அப்படிச் சுழன்றது. தாத்தா அதைப் பார்த்தார், அதன் மேலேயே நடந்தார், மணியடி வரை போனார், திரும்பி வந்து மறுபடி அதன் மேலேயே நடந்தார். ரொட்டி அங்கேயேதான் இருந்தது. ஐந்து நிமிடம் ஆனதும் மறைந்துவிட்டது. தரையில் விட்ட பொருளுக்கு அதுதான் ஆயுள்.

இத்தனை நாளும் பிள்ளைகள் ரொட்டியைப் போட்டதும் வேறு வேலைக்கு ஓடிவிடுவார்கள். திரும்பி வரும்போது ரொட்டி இருக்காது. எடுத்துக்கொண்டார்கள் என்றே நினைத்திருந்தார்கள். இருவரும் ஒரு ரொட்டிகூட எடுக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

காரணம் பிடிபட்டது சின்னவனால். பட்டியிலிருந்து அவன் குரல் கேட்டது: "மாமா, ஆடு புல்லு தின்னுது. ஆனா புல்லு அப்படியே இருக்கு."

செம்மறியாடு குனிந்து புல்லை மேய்ந்தால் அந்தக் கட்டம் பச்சை போய் வெறும் மண்ணாக மாற வேண்டும். இங்கே ஆடு மேய்கிறது, மயிரும் மறுபடி வளர்கிறது, தரை மட்டும் மாறவில்லை. அந்த நொடியில் எனக்கு அக்டோபர் மாதம் நினைவுக்கு வந்தது.

அக்டோபரில் சின்னவன் மூன்று வாரம் உட்கார்ந்து கட்டிய வீட்டை ஒரு கிரீப்பர் (கிட்டே வந்து வெடிக்கும் பூதம்) வெடித்துத் தகர்த்துவிட்டது. அன்றிரவு அவன் சாப்பிடாமல் படுத்தான் என்று அக்கா சொன்னாள். அடுத்த நாளே நான் சர்வரில் மாப் கிரீஃபிங் என்ற விதியை அணைத்தேன். அதை அணைத்தால் கிரீப்பர் வெடித்தாலும் கட்டடம் உடையாது. யாரிடமும் சொல்லவில்லை, இனி பயமில்லை என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரே விதி வேறு பலவற்றையும் கட்டுப்படுத்துகிறது. அது அணைந்திருந்தால் ஊர்க்காரர்கள் கீழே கிடக்கும் எதையும் எடுக்க மாட்டார்கள், உழவர் பயிரை அறுக்க மாட்டார், ஆடு மேய்ந்தாலும் புல் தரை மண்ணாகாது. பிள்ளைகள் பத்து நாள் பட்ட பாட்டுக்குக் காரணம் நான் செய்த மாற்றம். அதை அப்போதே அவர்களிடம் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன்.

விதியைத் திருப்புவதா வேண்டாமா

விதியைப் போட்டால் ஊர் பெருகும். கிரீப்பர் மறுபடி வீட்டை உடைக்கும். இதை என் விருப்பத்துக்கு முடிவு செய்ய மனம் வரவில்லை. போன தடவை அப்படிச் செய்ததால் வந்த வினைதான் இது. நால்வரும் பேசினோம்.

சாப்பாடு போடும் நேரத்துக்கு மட்டும் விதியைப் போட்டுவிட்டுப் பிறகு அணைத்துவிடலாம் என்பது அண்ணனின் யோசனை. முதல் இரண்டு பிள்ளைக்கு அது சரிப்படும். ஆனால் ஊரில் ஓர் உழவர் வந்து, அவரே விதைத்து அறுத்து, ரொட்டி செய்து, மிஞ்சியதை மற்றவர்களுக்குத் தூக்கிப் போட்டால்தான் ஊர் தன் காலில் நிற்கும். பள்ளி திறந்தால் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரிது. அந்த நேரம் முழுவதும் அவர்கள் ரொட்டி போட்டுக்கொண்டு நிற்க முடியாது. அதனால் விதி எப்போதும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

முடிவு சொன்னது சின்னவன்தான், வீட்டை இழந்தவன் அவன் என்பதால் அவனிடமே விட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "போடுங்க மாமா. என் வீட்டை நான் கல்லுல கட்டிக்கிறேன்."

விதியைப் போட்டுவிட்டுத் தாத்தாவின் முன்னால் மறுபடி மூன்று ரொட்டி வைத்தேன். அவர் நேராக வந்தார். ரொட்டி அவர் பக்கம் வழுக்கிப் போய் மறைந்தது. பெரியவள் கத்திய கத்தில் என் காது அடைத்துக்கொண்டது.

இதயம் வந்தது, பிள்ளை வரவில்லை

அன்று மாலையே இருவரும் எதிரெதிரே நின்றார்கள், தலைக்கு மேல் சிவப்பு இதயங்கள் பறந்தன. நிட்விட்டுக்குத் தொழில்தான் கிடையாது, குடும்பத்துக்குத் தடையில்லை. ஆனால் இதயத்துக்குப் பிறகு சாம்பல் நிறத்தில் மழைமேகத் துண்டுகள் போல ஏதோ கிளம்பி அடங்கியது. பிள்ளை இல்லை. மறுபடி முயன்றபோதும் அதேதான்.

அந்தச் சாம்பல் மேகத்துக்கு ஒரே பொருள்தான்: பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஆளில்லாத கட்டில் ஒன்று 48 கட்டத்துக்குள் கிடைக்கவில்லை. "பன்னிரண்டு கட்டில் காலியா இருக்கே மாமா!" என்றாள் பெரியவள். கண்ணெதிரே இருந்தது உண்மை. ஆனால் கட்டில் இருந்தால் மட்டும் போதாது, நடந்து போய்ச் சேர வழி இருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் கதவைத் திறப்பார்கள், படியில் ஏறுவார்கள். ஏணியை வழியாகவே எண்ண மாட்டார்கள். மாடியில் இருந்த பன்னிரண்டு கட்டிலும் அவர்களைப் பொறுத்தவரை இல்லாதவை. அதோடு, கட்டிலுக்கு மேலே இரண்டு கட்டம் வெறுமையாக இருக்க வேண்டும், பிள்ளைகள் அதில் ஏறிக் குதிப்பார்கள். அடுக்குக் கட்டிலில் அந்த இடமும் இல்லை.

ஏணியை எடுத்துவிட்டு மரப்படி வைத்தோம். அடுக்கைக் கலைத்தோம். மாடியில் ஐந்து கட்டில்தான் கொள்ளும் என்று ஆனது, மீதியைப் பழைய வீடுகளுக்கே திருப்பி அனுப்பினோம். இந்த வேலை முடிந்த கொஞ்ச நேரத்தில் முதல் பிள்ளை பிறந்தது. பெரிய தலையும் சின்ன உடம்புமாக ஓடிப்போய், படியேறி, ஒரு கட்டிலின் மேல் குதி குதியென்று குதித்தது. அதுவரை அந்த மாடிக்கு ஊர்க்காரர் யாரும் போனதில்லை. நாங்கள் நால்வரும் ஒன்றும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பெட்டியா, ஊரா

இந்தக் கட்டத்தில் அண்ணன் ஒரு வரைபடத்தோடு வந்தான். இரண்டு பேரை ஒரு சின்ன அறையில் அடைத்து, உழவர் ஒருவர் அவர்களுக்கு உணவு தள்ள, பிறக்கும் பிள்ளைகள் பொறி வழியாகக் கீழே விழுந்து தண்ணீரில் மிதந்து வேறிடம் போகும் அமைப்பு. பலரும் இதைக் கட்டுகிறார்கள், வேலையும் செய்கிறது. ஒரு பெற்றோர் இணைக்கு அடுத்த பிள்ளைக்கான இடைவெளி ஐந்து நிமிடம், பிள்ளை வளர 20 நிமிடம். ஒரு சனி ஞாயிறில் இருபது பேரைத் தாண்டிவிடலாம்.

பெரியவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க ஊர்லதான் இருக்கணும் அண்ணா, பெட்டிக்குள்ள இல்ல. எனக்கு எண்ணிக்கை வேணாம், ஊர் வேணும்."

நான் அவள் பக்கம் நின்றேன். வேகம் போகும் என்று தெரிந்தேதான். அவர்கள் தேடியது நூலகரின் புத்தக வியாபாரத்தை மட்டுமல்ல. சாயங்காலம் மணியடியில் எல்லோரும் கூடுவதும், பொழுது சாய்ந்ததும் அவரவர் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போவதும் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. பெட்டி வைத்தால் அது எதுவும் இருக்காது.

ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். கட்டில் எத்தனையோ அத்தனை பேர்தான் ஊரில் இருப்பார்கள் என்பதால், கட்டிலையே கடிவாளமாகப் பிடித்துக்கொள்வது. ஒரு தடவைக்கு மூன்று கட்டில், அதுவும் அந்தப் பக்கத்து வீட்டில் விளக்கும் சுற்றிலும் வேலியும் முடிந்த பிறகுதான்.

வளர்ந்த வாரங்கள்

முதல் பிள்ளை வளர்ந்ததும் வயலோரம் ஒரு கம்போஸ்டர் (உரத்தொட்டி) வைத்தோம். பச்சையாக மின்னியது, வைக்கோல் தொப்பியோடு உழவர் ஆனார். யார் என்ன தொழில் செய்வது என்பதைப் பக்கத்தில் வைக்கும் கருவிதான் முடிவு செய்கிறது. கம்போஸ்டர் வைத்தால் உழவர், லெக்டர்ன் (புத்தகம் வைக்கும் மேடை) வைத்தால் நூலகர், தறி வைத்தால் ஆட்டிடையர், பீப்பாய் வைத்தால் மீனவர். வயலை ஒழுங்குபடுத்தினோம்: நடுவில் ஒரு கட்டம் தண்ணீர் வைத்தால் நான்கு பக்கமும் நான்கு கட்டம் வரை ஈரம் போகும்; ஒன்பதுக்கு ஒன்பது சதுரத்தில் 80 கட்டம் பயிர் வைக்கலாம். பாதி கோதுமை, பாதி கேரட். கேரட்டை அப்படியே சாப்பிடலாம் என்பதால் அந்தப் பாதிதான் அதிகம் உதவியது.

பொங்கல் விடுமுறைக்குள் ஊரில் பதினொரு பேர். அதற்குப் பிறகு நாங்கள் கையால் உணவு போடவே இல்லை.

இடையில் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். உழவர் பொழுது சாய்ந்ததும் தன் வயல் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் ஊரின் மறுகோடிக்கு நடந்தார். அவருக்கென்று பதிவான கட்டில் அங்கே இருந்தது. எதிரே வந்த ஆட்டிடையரின் கட்டில் வயலோரம். இருட்டில் இருவரும் ஒருவரையொருவர் கடந்து போனார்கள். இப்படி நீண்ட தூரம் நடப்பவர்தான் ஜாம்பி கண்ணில் முதலில் படுவார். இரண்டு கட்டிலையும் உடைத்து எடுத்து, ஒவ்வொருவரும் அவரவர் வீட்டருகே நிற்கும் நேரமாகப் பார்த்து மறுபடி வைத்ததும் சரியானது.

அந்த இரவு

ஜனவரி கடைசி வாரம். மேற்கே புதிதாக ஒரு தெரு எழும்பிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டை மீறி ஒரே தடவையில் ஆறு கட்டில் போட்டுவிட்டாள் பெரியவள். அவளுக்கு அந்த வாரம் தேர்வு, விளையாடக் கிடைத்த அரை மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேலி இருந்தது. வீட்டுக்குள் விளக்கு இருந்தது. கூரையின் மேலும் வேலிக்கு வெளியேயும் விளக்கு இல்லை.

பொழுது சாய்ந்தபோது சின்னவன் மட்டும் உள்ளே இருந்தான், மேற்கு வேலி ஓரமாக நின்றுகொண்டிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிரீப்பர் அவனைப் பார்த்துவிட்டது. வேலிதான் தடுக்குமே என்று அவன் நகரவில்லை. ஆனால் வெடிப்பதற்கு அதற்குப் பக்கத்தில் வந்தால் போதும். வேலியும் கடைசி வீட்டுச் சுவரும் போயின. சின்னவனும் இறந்து, தொலைவில் இருந்த பழைய வீட்டுக் கட்டிலில் எழுந்தான். அங்கிருந்து ஓடிவர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அண்ணன் அப்போதுதான் உள்ளே வந்து ஊர் மணியருகே நின்றிருந்தான். அதனால் ஊர் இயங்கிக்கொண்டிருந்தது. விளையாடுபவர் யாரும் பக்கத்தில் இல்லையென்றால் ஊர் அப்படியே உறைந்து நிற்கும், ஒன்றும் ஆகாது. என்ன நடக்கிறது என்று அவனுக்குப் புரிவதற்குள் ஜாம்பிகள் உடைந்த சுவர் வழியாக உள்ளே போய்விட்டன.

விடிந்து எண்ணியபோது பதினொரு பேரில் ஆறு பேர். மூன்று பேர் போய்விட்டார்கள், அதில் ஒன்று இன்னும் வளராத பிள்ளை. இரண்டு பேர் ஜாம்பியாக மாறியிருந்தார்கள். நார்மல் நிலையில் ஜாம்பி கொன்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு அப்படி மாறுவதற்கு. அந்த இருவரில் ஒருவர் நூலகர். பச்சை முகத்திலும் அந்தக் கண்ணாடி அப்படியே இருந்ததைப் பார்த்துச் சின்னவன் அழுதுவிட்டான்.

காப்பாற்றியது

ஜாம்பி வில்லேஜரை வெயில் எரித்துவிடும். ஆகவே முதல் வேலை நிழல். அண்ணன் அவசரமாகச் செய்த வேலை அன்று ஊரைக் காப்பாற்றியது: இருவரையும் படகில் ஏறும்படி இழுத்துச் சிக்க வைத்து, தலைக்கு மேல் பலகை பரப்பினான். படகில் உட்கார்ந்தவர் தானாக இறங்க மாட்டார்.

மருந்துக்கு இரண்டு பொருள். பலவீன மருந்து, அதுவும் எறியும் குப்பியில். அப்புறம் ஒரு தங்க ஆப்பிள், அதற்கு எட்டுத் தங்கக் கட்டி. எறியும் குப்பி செய்ய வெடிமருந்து வேண்டும், அது கிரீப்பரைக் கொன்றால் கிடைக்கும். எல்லாம் சேர்க்க இரண்டு நாள் ஆனது. குப்பியை எறிந்து, ஆப்பிளைக் கொடுத்ததும் நூலகர் நடுங்கத் தொடங்கினார். சுமார் நான்கு நிமிடம் அப்படியே நடுங்கினார். சட்டென்று முகம் பழையபடி ஆனது. முன்பு எங்களோடு வியாபாரம் செய்தவர் என்பதால் அவர் தொழிலும் விற்கும் புத்தகங்களும் மாறவில்லை. மருந்து கொடுத்த பெரியவளுக்கு மட்டும் விலையைக் குறைத்துவிட்டார். இன்னொருவரையும் அதே மாதிரி மீட்டோம். எட்டுப் பேர்.

விதியை மறுபடி அணைத்துவிடலாமா என்று கேட்டேன். இருவருமே வேண்டாம் என்றார்கள். உழவர் கை நின்றுவிடும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. அதற்குப் பதிலாகச் செய்தவை இவை.

வெளிச்சம்: 1.18 பதிப்பிலிருந்து, வெளிச்சம் துளியும் இல்லாத இடத்தில் மட்டும்தான் ஜாம்பி, கிரீப்பர் போன்றவை தோன்றும். முன்பெல்லாம் மங்கலான இடத்திலும் தோன்றும். ஆகவே டார்ச்சை நெருக்கி நட வேண்டியதில்லை, ஒரு கட்டமும் முழு இருட்டில் விடாமல் இருந்தால் போதும். கூரை, வேலியின் வெளிப்புறம், மரத்தடி மூன்றையும் சின்னவன் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தான்.

பூனை: எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். கிரீப்பர் பூனையைக் கண்டால் ஓடும். ஊரில் நான்குக்கு மேற்பட்ட கட்டிலில் ஆள் இருந்தால் பூனைகள் தாமாகவே வரும், ஐந்து வரைக்கும். பச்சை மீன் கொடுத்துப் பழக்கி, வேலியின் நான்கு வாசலிலும் ஒவ்வொன்றை உட்கார வைத்தோம். ஐந்தாவது சின்னவனின் கல் வீட்டு வாசலில்.

இரும்புக் கோலெம் (ஊரைக் காக்கும் இரும்பு மனிதன்): நான்கு இரும்புப் பாளம், அதாவது 36 இரும்புக் கட்டி, மேலே செதுக்கிய பூசணி. ஒன்றை நாங்களே செய்து நிறுத்தினோம். பிப்ரவரியில் இன்னொன்று மணியடியில் நின்றிருந்தது. ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு தாங்களே வரவழைத்தது.

கொள்ளைக் கூட்டத் தலைவனைப் பற்றியும் ஒரு விதி வைத்தோம். அப்போதைய பதிப்பில் தலைக்கு மேல் கொடி வைத்தவனைக் கொன்றால் ஒரு கெட்ட சகுனம் நம்மேல் ஒட்டிக்கொண்டது, அதோடு ஊருக்குள் நுழைந்தால் கூட்டமே படையெடுத்து வந்தது (2024 ஜூனில் வந்த 1.21 பதிப்பில் இது மாறிவிட்டது). பால் குடித்தால் அது நீங்கிவிடும். அதற்காக ஊர் எல்லையில் ஒரு பெட்டியில் எப்போதும் இரண்டு வாளி பால்.

முடிவு

பிப்ரவரி கடைசி ஞாயிறன்று ஊரில் 24 பேர், 26 கட்டில், இரண்டு கோலெம், ஐந்து பூனை. அந்த இரவுக்குப் பிறகு ஒருவரையும் இழக்கவில்லை. மூன்று தடவை கிரீப்பர் வெடித்தது, எல்லாம் ஊருக்கு வெளியே. பெட்டி கட்டியிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும் வேலைக்கு இரண்டு மாதம் ஆனது. அதற்காகப் பெரியவள் ஒரு தடவைகூட வருந்திப் பேசவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

புதிதாக ஓர் ஊரை எடுத்தால், கட்டில், கதவு எதையும் தொடும் முன் ஒரு ரொட்டியைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் நகராமல் நிற்பேன். எடுக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிட்டால் பத்து நாள் மிச்சம். அதேபோல் மேகம் வந்தால் கட்டில் எண்ணிக்கையைப் பார்க்கும் முன் அதற்குப் போகும் வழியை நடந்து பார்ப்பேன்.

ஒரே விடுதியில் எல்லோரையும் வைக்கும் எண்ணத்தை இன்னொரு தடவை ஆதரிக்க மாட்டேன். அன்று சுவர் உடைந்தது கடைசி வீட்டில். விடுதியில் உடைந்திருந்தால் ஆறு பேரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

மூன்று கட்டில் கட்டுப்பாட்டை வாய்ச்சொல்லாக வைத்தது போதவில்லை. இப்போது கட்டில் பெட்டி என் கையில் இல்லை, சின்னவனிடம் இருக்கிறது. அவன் கூரை விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் மூன்றை எடுத்துத் தருவான்.

சர்வரில் நான் எந்த விதியை மாற்றினாலும் மணிக்குப் பக்கத்தில் நட்ட பலகையில் எழுத வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். பலகையின் முதல் வரியாக, மாப் கிரீஃபிங் எந்த மாதம் அணைக்கப்பட்டது, எந்த மாதம் திரும்பப் போடப்பட்டது என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே பெரியவள் தன் கைப்பட, போன மூன்று பேரின் தொழிலை எழுதி வைத்திருக்கிறாள்: ஆட்டிடையர், மீனவர், பிள்ளை.